எத்தனை அடியில் நிறுத்துவது?

கேள்வி: அவிநாசிக்கு அருகே எங்கள் குடும்பத்தின் பனியன் கம்பெனி இருக்கிறது. குழந்தைகள் ஆடை ஏற்றுமதி செய்கிறோம். அப்பா தொடங்கியது, சித்தப்பா உற்பத்தியைப் பார்க்கிறார். கோவையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு ஆறு ஆண்டுகளாக நானும் உள்ளே இருக்கிறேன். 22 ஆண்டுகளாக ஒரே சாயப்பட்டறைக்குத்தான் துணி போகிறது. கடந்த ஓராண்டில் அவர்களால் மூன்று ஷிப்மென்ட் தாமதமாகி, அதில் ஒன்றை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. நான்கு பட்டறைகளை 14 அம்சங்களில் ஒப்பிட்டு, மதிப்பெண் போட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன் (இணைத்திருக்கிறேன்). பெருந்துறை சிப்காட்டில் உள்ள ஒரு பட்டறை பத்துக்கு 8.1 வாங்கியது, பழைய பட்டறை 5.6. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்து அப்பா, சித்தப்பா, மேனேஜர், அக்கவுண்டன்ட் நால்வருக்கும் விளக்கினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்பா "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார். திங்கட்கிழமை காலை துணி பழைய பட்டறைக்கே போனது. கேட்டால் "மனசு ஒப்பவில்லை" என்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 11 லட்சம் செலவில் நான் கொண்டுவந்த மென்பொருளும் இப்படித்தான் பாதியில் நிற்கிறது. இன்னும் நான்கு லட்சம் போட்டால் முழுமையாகிவிடும், அதற்கும் தயக்கம். எங்கள் நிறுவனத்தைப் பகுத்தறிவோடு முடிவெடுக்கும் நிறுவனமாக மாற்றுவது எப்படி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் பக்கம் இருந்தேன். இரண்டாம் முறை உங்கள் அப்பா பக்கம் போய்விட்டேன். இப்போது இரண்டு பேர் மீதும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது.

என் சொந்தக் கதையோடு தொடங்குகிறேன். பல்லடத்துக்குத் தெற்கே எனக்கு மூன்று ஏக்கர் தோப்பு இருக்கிறது. ஒரு கோடையில் தென்னை மட்டை தொங்க ஆரம்பித்ததும் போர் போடுவது என்று முடிவெடுத்தேன். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோப்பைச் சுற்றி நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. 600 அடி என்று மனதுக்குள் ஒரு கணக்கு; யாரிடமும் சொல்லவில்லை. 600 அடியிலும் வெறும் புழுதி. "இன்னும் நூறு அடி போய்ப் பார்த்துவிடலாமுங்களா?" என்றார் ரிக்காரர். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று தலையாட்டினேன். ஆழம் கூடக் கூட அடிக்கான ரேட்டும் கூடும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 800 அடியில் புழுதி கொஞ்சம் ஈரமாக வந்தது. அந்த ஈரம்தான் என்னைக் கெடுத்தது. கடைசியில் 1,120 அடியில் வண்டியை நிறுத்தியது நான் இல்லை, என் மனைவி.

அப்போது நான் முப்பது ஆண்டுகளாகக் கம்பெனிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவன். போன பணத்தை மறந்துவிடுங்கள், இனிப் போடுகிற ரூபாய்க்கு என்ன வரும் என்று மட்டும் பாருங்கள் என்று எத்தனையோ மில் முதலாளிகளுக்கு உபதேசம் செய்தவன். என் தோப்பில், என் கண்ணெதிரே பணம் புழுதியாகப் பறந்தபோது அந்த உபதேசம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. ஆகவே, "பகுத்தறிவோடு முடிவெடுக்கும் நிறுவனம்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் அந்த ஈரப் புழுதிதான் நினைவுக்கு வந்தது. (ஈரோடு பக்கத்திலேயே இருப்பதால் பகுத்தறிவு என்ற சொல்லைக் கொஞ்சம் பயபக்தியோடுதான் தொடுகிறேன், இங்கே அதற்குக் கணக்குப் பார்த்து முடிவெடுப்பது என்று மட்டும் பொருள் கொள்வோம்.)

இந்தக் கணக்குப் பார்ப்பது நிறுவனங்களுக்குள் எவ்வளவு தூரம் நடக்கிறது என்று உற்றுப் பார்த்தவர் ஹெர்பர்ட் சைமன். 1978-ல் பொருளாதார நோபல் பெற்றவர். அவருக்கு அந்தக் கேள்வி உதித்த இடம் ஒரு விளையாட்டு மைதானம். 1930-களின் நடுவில், மாணவராக இருந்தபோது, சொந்த ஊரான மில்வாக்கியில் நகரத்து மைதானங்கள் எப்படி நிர்வகிக்கப்படுகின்றன என்று ஆராயப் போனார். அவற்றைக் கல்வி வாரியமும் பொதுப்பணித் துறையும் சேர்ந்து பார்த்துக்கொண்டன. மைதானத்தைப் பராமரிக்க எவ்வளவு, பிள்ளைகளை விளையாட வைக்கும் பயிற்றுநர்களுக்கு எவ்வளவு என்று பணத்தைப் பிரிப்பதில் ஓயாத சண்டை. எந்தப் பக்கம் அடுத்த டாலரைப் போட்டால் பலன் அதிகமோ அந்தப் பக்கம் போடு என்கிறது பொருளாதாரப் பாடம். அப்படிக் கணக்குப் போட்டவர் அங்கே ஒருவர்கூட இல்லை. பொதுப்பணிக்காரருக்கு மைதானம் என்றால் மண்ணும் புல்லும் வேலியும். கல்விக்காரருக்கு மைதானம் என்றால் பிள்ளைகள். இரு தரப்பும் முட்டாள்கள் இல்லை. அவரவர் நாற்காலியிலிருந்து தெரிந்ததை வைத்து அவரவர் பேசினார்கள்.

உங்கள் கம்பெனியிலும் இதே கதைதான். பையரிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சன்டைசருக்குச் சாயம் என்றால் பையர் ஒப்புக்கொண்ட கலர். சித்தப்பாவுக்குச் சாயம் என்றால் கட்டிங் டேபிள் காலியாக நிற்காமல் இருப்பது. அக்கவுண்டன்ட்டுக்கு அது பாக்கிப் பட்டியலில் ஒரு வரி. உங்கள் அப்பாவுக்கு என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சைமன் சொன்ன இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லா வழிகளையும் அலசி ஆகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க மனிதனுக்கு நேரமும் இல்லை, தகவலும் இல்லை, அத்தனையையும் ஒரே நேரத்தில் தலைக்குள் வைத்திருக்கும் திறனும் இல்லை. ஆகவே தனக்கென ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டியது கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறான் என்றார். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவருக்கு இது புதிதாக இருக்காது. சந்தையில் கட்டியிருக்கும் எல்லாக் காளைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்து வாங்குபவர் யாரும் இல்லை. பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். தன் அளவுக்குத் தேறியது வந்ததும் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசிவிடுவார். அடுத்த வரிசையில் இதைவிட நல்ல மாடு இருந்திருக்கலாம். அதைத் தேடிப் போகிற நேரத்தில் இது கைமாறியிருக்கும்.

இப்போது உங்கள் அட்டவணை. உழைத்துச் செய்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் 14 அம்சங்களுக்கும் எடை போட்டது யார்? நீங்கள் ஒருவர். நேரத்துக்கு 25, விலைக்கு 20, "கடன் தவணை"க்கு 3, கடைசி வரியில் "உறவு, இதர" என்று ஒரு 2. விமானச் சரக்குக் கட்டணம் கட்டிய கோபம் ஆறுவதற்குள் போட்ட எடைகள் இவை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. முடிவு முதலில் வந்து, கணக்கு அதன் பின்னால் நடந்து வந்திருக்கிறது. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று: பழைய பட்டறையின் மதிப்பெண்கள் 22 ஆண்டு அனுபவத்திலிருந்து வந்தவை. அதன் ஒவ்வொரு குறையும் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பெருந்துறைப் பட்டறையின் மதிப்பெண்கள் அவர்களுடைய மார்க்கெட்டிங் ஆள் காபி குடித்துக்கொண்டே கொடுத்த வாக்குறுதியிலிருந்து வந்தவை. நடந்ததையும் சொன்னதையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டியிருக்கிறீர்கள். 8.1 என்ற அந்தத் தசமப் புள்ளி எனக்குச் சிரிப்பை வரவழைத்தது, மன்னியுங்கள்.

உங்கள் அப்பாவின் "மனசு ஒப்பவில்லை" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? ஊகிக்கிறேன். 2011 ஜனவரி இறுதியில், நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாடு செய்த பிறகே திறக்கலாம் என்று ஆனது. அந்த மாதங்களில் நிட்டிங் முடிந்த துணியை லாரியில் ஏற்றிக்கொண்டு வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, "என் துணியை எடுத்துக்கொள்வீர்களா?" என்பதுதான் பேச்சு. நீங்கள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஒரு நாள் மாலை, கம்பெனியில் இல்லாமல் வீட்டுத் திண்ணையில், உங்கள் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "2011-ல் நம் துணிக்கு எங்கே சாயம் ஏற்றினீர்கள்?" பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். அந்தப் பட்டறைக்காரர் அன்று உங்கள் துணிக்கு எப்படியாவது ஒரு வழி செய்து கொடுத்தவராக இருந்தால், உங்கள் அப்பா இத்தனை ஆண்டுகளாகத் தாமதங்களைப் பொறுத்துக்கொள்வது ஒருவகைக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுவது போல. அந்தப் பிரீமியம் இன்றைக்கும் நியாயமானதா என்று அவரோடு பேசலாம். உங்கள் விமானச் செலவு ரசீது அந்தப் பேச்சுக்குத் தேவைப்படும். ஆனால் அது காப்பீடு என்பதை முதலில் அவர் வாயால் கேளுங்கள்.

அதற்காக மூத்தவர்களின் உள்ளுணர்வு எல்லாம் தெய்வவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. கேரி கிளெய்ன் என்ற உளவியலாளர் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தார். எரியும் கட்டடத்தின் முன் நின்றுகொண்டு அவர்கள் நான்கு வழிகளை ஒப்பிடுவதில்லை. பழைய தீகளின் சாயலை இதில் கண்டுகொண்டு, முதலில் தோன்றும் வழி நடக்குமா என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்து இறங்கிவிடுகிறார்கள் என்று கண்டார். உள்ளுணர்வின் பிழைகளையே வாழ்நாள் முழுதும் தேடிய டேனியல் கானமன் இவருக்கு நேர் எதிர்முகாம். இருவரும் உட்கார்ந்து பேசி 2009-ல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம் எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது: ஒழுங்கு ஒன்று இருக்கிற வேலையில், செய்ததன் பலன் சீக்கிரம் தெரிந்து திருத்திக்கொள்ள நிறைய வாய்ப்பு கிடைத்தவருடைய உள்ளுணர்வை நம்பலாம். அது இல்லாத இடத்தில், ஆள் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அந்த உறுதிக்கு மதிப்பு இல்லை.

இதை உங்கள் அப்பாவுக்குப் பொருத்திப் பாருங்கள். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து இத்தனை கிராம் என்பார். தராசில் வைத்தால் சரியாக இருக்கும். அதை ஆயிரம் முறை சொல்லி, ஆயிரம் முறை சரிபார்த்தவர் அவர். நூல் ஏஜென்ட் பொய் சொல்கிறாரா என்பதிலும் அவரை நம்புங்கள். ஆனால் சாயப்பட்டறையை மாற்றுவது? 22 ஆண்டில் ஒரு முறையும் மாற்றியதில்லை. அந்த விஷயத்தில் அவருக்குப் பயிற்சியே கிடையாது. அங்கே அவருடைய மனசு ஒப்புவதும் ஒப்பாததும் பழக்கத்தின் குரலாகவே இருக்கக்கூடும்.

உலகம் மாறியதும் அந்தக் குரலுக்குத் தெரியாது. பழைய பட்டறைக்காரர் 90 நாள், 100 நாள் என்று பொறுத்துக்கொள்கிறார் என்பது உங்கள் அப்பா மனதில் பெரிய வரவாக இருக்கும். வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டிலிருந்து ஒரு மாற்றம் வந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருக்கும், கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31-ல் நிலுவையில் இருந்தால், அந்தத் தொகை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்கப்படாது. கொடுக்கிற ஆண்டில்தான் கழியும். அதாவது நீண்ட கடன் என்ற அந்தச் சலுகையின் ஒரு பகுதி வரியாகக் கரைகிறது. இது உங்கள் அட்டவணையிலும் இல்லை, அவர் மனதிலும் இருக்காது. இன்னொன்று: 22 ஆண்டு உறவு இப்போது யாரோடு? பழைய முதலாளியோடா, சமீபத்தில் பொறுப்பேற்ற அவர் மகனோடா, மிஷின் ஓட்டும் மாஸ்டரோடா? பல கம்பெனிகள் ஓய்வு பெற்றுவிட்ட மனிதர்களோடு இன்னும் உறவு வைத்திருக்கின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். யாரும் மறுத்துப் பேசவில்லை என்பதை உங்களுக்குச் சாதகமான சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். யார் பேசியிருக்க முடியும்? அண்ணன் எதிரில் சித்தப்பா முந்திக்கொண்டு பேசமாட்டார். அக்கவுண்டன்ட் இரண்டு முதலாளிகளுக்கு நடுவில் வாயைத் திறக்க அவருக்கென்ன தலையெழுத்தா? மேனேஜர் அந்தப் பட்டறையோடு தினமும் போனில் பேசுகிறவர். அவரிடம்தான் நிஜமான தகவல் இருக்கிறது, அவர்தான் பேசியிருக்கவே மாட்டார். உள்ளே கோழிக்குழம்பு கொதிக்கிறது, எல்லோருக்கும் பசி. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டீர்கள்.

அடுத்த முறை வீட்டில் வேண்டாம், கம்பெனியில் வையுங்கள். கூட்டத்துக்கு முன்பே நால்வரிடமும் தனித்தனியாகத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பேசும்போது கடைசி நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். அப்பா கடைசியில் பேசட்டும். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மற்றவர்களின் சீட்டு வெறும் காகிதம்.

கிளெய்ன் சொல்லிக்கொடுத்த ஓர் உத்தியும் உண்டு. முடிவு எடுத்தாயிற்று, ஆறு மாதம் கழித்து அது படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளாளுக்கு எழுதச் சொல்வது. நம் ஊரில் இதை அப்படியே செய்யப் போய் நான் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு மில்லில் புது மிஷினுக்கு முன்பணம் கட்டுகிற நாளில் இதைக் கேட்டேன். "நல்ல காரியம் பேசுகையில் அச்சானியமாகப் பேசாதீர்கள்" என்று பெரியவர் எழுந்தே போய்விட்டார். பிறகு ஒரு வழி கண்டுகொண்டேன். "உங்களைப் போலவே ஒரு கம்பெனி, உங்களைப் போலவே பட்டறையை மாற்றியது, ஆறே மாதத்தில் பழையவரிடமே திரும்பிப் போய்க் கையைப் பிசைந்து நின்றது. என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டால் போதும். அடுத்தவன் கம்பெனி எப்படிக் கெட்டது என்று சொல்ல நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளை நிரப்பித் தருவார்கள்.

எல்லாம் செய்தபின்பும் எது சிறந்த பட்டறை என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது, தம்பி. துணியை அனுப்பித்தான் தெரிந்துகொள்ள முடியும். பத்து லாட்டில் ஒன்றைப் பெருந்துறைக்கு அனுப்புங்கள், மூன்று மாதம். அவசர ஷிப்மென்ட்டைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். சொன்ன தேதி, வந்த தேதி, கலர் ஒத்துப்போகாமல் திரும்ப ஏற்றியது எத்தனை முறை: இந்த மூன்றை மட்டும் ஒரு நோட்டில் இரண்டு பட்டறைகளுக்கும் எழுதி வாருங்கள். பழையவருக்கு மறைக்க வேண்டாம், உங்கள் அப்பாவே போய்ச் சொல்லட்டும். அவர் சொன்னால் அதில் மரியாதை இருக்கும். துணி கிளம்புவதற்கு முன்பே, எந்த எண்ணிக்கை வந்தால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி அப்பாவும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். தோப்பில் நான் செய்யத் தவறியது அதைத்தான். 600 அடி என்பது என் மனதில் மட்டும் இருந்தது. ரிக்காரரிடமோ மனைவியிடமோ சொல்லியிருந்தால் யாராவது பிடித்து நிறுத்தியிருப்பார்கள்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய மென்பொருள். சாயப்பட்டறை விஷயத்தில் அப்பாவின் பழக்கத்தைக் கண்டுபிடித்த உங்கள் கண்ணுக்கு இது தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம். "11 லட்சம் போட்டாயிற்று, இன்னும் நான்கு போட்டால் முழுமையாகிவிடும்." இது 800 அடியில் வந்த ஈரம். முடிவை எடுத்தவரே அதற்கு மேலும் மேலும் பணம் கொட்டுவார் என்பதை பேரி ஸ்டா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976-லேயே சோதனையில் காட்டினார்: தோற்றுக்கொண்டிருந்த பிரிவுக்கு, முதலில் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகப் பணம் ஒதுக்கினார்கள். உங்கள் அப்பா அந்த மென்பொருளை வாங்கவில்லை, நீங்கள் வாங்கினீர்கள். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் உங்களைவிட அவருடைய கண் தெளிவாக இருக்க வாய்ப்பு உண்டு.

அந்த 11 லட்சம் திரும்பி வராது. அதை அழித்துவிட்டு யோசியுங்கள். இன்று ஒருவர் புதிதாக வந்து, நான்கு லட்சத்துக்கு இந்த அரைகுறை மென்பொருளை முழுமையாக்கித் தருகிறேன் என்றால் வாங்குவீர்களா? அதைக்கூட நீங்கள் தனியாக முடிவு செய்ய வேண்டாம். உங்கள் கட்டிங் மாஸ்டரிடம் போங்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் அந்தத் திரையைப் பார்த்து அவர் ஒரு வேலையாவது மாற்றிச் செய்திருக்கிறாரா, அல்லது சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டைப் பார்த்துத்தான் இன்னும் லே போடுகிறாரா (வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக விரிக்கிறாரா) என்று கேளுங்கள். நோட்டுதான் என்றால், அதை ஒரு நாள் இரவல் வாங்கிப் படியுங்கள். நான்கு லட்சத்துக்கான காசோலையை அதற்குப் பிறகு எழுதலாம்.